அவள் தலையாட்டிய அணை

நாச்சம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். கோயமுத்தூரில், ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்றிருந்தேன், ஒரு கையில் அவளுடைய செருப்பு, இன்னொரு கையில் ஃப்ளாஸ்க் வைத்த ஒயர் கூடை. பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று ஆயாம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மகன் சசிதரன் கட்டில்மேல் குனிந்து செல்போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். "பாரும்மா, நம்ம டேம். இப்ப எப்படி இருக்குன்னு பாரு. இங்கதானே நீ மீன் பிடிச்சே?" கட்டில் வாசலை ஒட்டியிருந்தது, அவன் போனைச் சாய்த்தபோது நான் நின்ற இடத்திலிருந்தே படம் தெரிந்தது. பச்சை பெயின்ட் அடித்த ஷட்டர்கள், அணைமேல் போகிற ரோடு, ரோட்டோரம் காகிதப்பூச் செடி. கீழ் அணை. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற நாள்வரை நான் ஷட்டர் ஏற்றி இறக்கிய கீழ் அணை. அவள் மீன் பிடித்தது அங்கே இல்லை. மலையில் இன்னும் மேலே, சசி பிறப்பதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தகர ஷெட் குவார்ட்டர்ஸில் நடுங்கிக்கொண்டு கிடந்த மேல் அணையில். சாகும்வரை அவள் பேசியது அந்த அணையைப் பற்றித்தான், அங்கே கூட்டிப் போ என்றுதான் மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்கிற பார்வை, கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பார்வை. "ஆமாஞ் சாமி, இதேதான்" என்றாள். தலையையும் ஆட்டினாள். சிரித்தாள். ஆயாம்மா படுதாவை இழுத்துவிட்டாள். விடிவதற்குள் நாச்சம்மாள் போய்விட்டாள்.

இப்போது வருஷம் திரும்பப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, காரமடை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். எதிரே சர்க்கரைச் சம்படத்தில் சாய்த்துவைத்த போனில் சசி, அவன் பக்கத்தில் மருமகள் சுகன்யா, இருவருக்கும் நடுவில் வந்து வந்து போகிற பேத்தி மிருதுளாவின் தலை. சென்னையிலிருந்து பேசுகிறார்கள். பள்ளிக்கூட லீவில் எல்லோருமாக அணைக்குப் போகிறோமாம். தண்ணீர் ஓரமாக டென்ட் போட்டுத் தங்கப் போகிறோமாம். டிரவுட் மீன் பிடிக்கப் போகிறோமாம். "கேம்பிங்ப்பா" என்கிறான் சசி. "நீங்கதான் கைடு. சம்பளமெல்லாம் கிடையாது, சோறு மட்டும்தான்." சுகன்யா சிரிக்கிறாள். நான் கீரைக் காம்பை மடியில் போடுவதற்குப் பதிலாகத் தட்டில் போட்டு, தட்டில் போட்ட இலையை மடியில் தட்டிவிட்டேன். கேம்ப் என்று எங்களுக்கா சொல்லித் தருகிறாய். அணை வேலைக்காரர்களின் வரிசை வீடுகளுக்கு கேம்ப் என்றுதான் பெயர், என் வாழ்க்கையில் பாதி கேம்பில் போயிற்று, கம்பளி காயாத கேம்ப், காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கிய கேம்ப். இதற்கு இப்போது ஆள் வைத்து புக் பண்ணுகிறார்கள். "மாமா, டென்ட்டுக்குள்ளயே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குது. உங்க முட்டிக்குக் கஷ்டமே இல்ல" என்கிறாள் சுகன்யா. நல்லது அம்மணி, என்றேன். நல்ல பெண்தான். அவள்மேல் எனக்கு என்ன கோபம். கோபம் இருக்கிறது. எல்லார்மேலும் இருக்கிறது, இந்தக் கீரைமேலும் இருக்கிறது, எவ்வளவு உருவினாலும் ஒரு கைப்பிடிகூடச் சேராத கீரை. "அம்மாவுக்காகத்தாம்பா இந்த ட்ரிப்பே" என்கிறான் சசி. அங்கே சிக்கிக்கொண்டது எனக்கு. அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் காதில் விழவில்லை, தூங்குகிற பை என்றான், லைஃப் ஜாக்கெட் என்றான், கரி அடுப்பு என்றான், எனக்கு அம்மாவுக்காகத்தாம்பா அம்மாவுக்காகத்தாம்பா என்று அந்த ஒன்றுதான் வண்டுபோலச் சுற்றியது. அம்மா இருந்தபோது அம்மாவுக்காக உனக்கு ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லையேடா.

அவள் கேட்காத லீவு உண்டா. தீபாவளிக்கு வந்தால் மழை, மலை ரோட்டில் மண் சரியும் என்றான். சித்திரைக்கு வந்தால் ஊட்டிப் பக்கம் கூட்டம், பாஸ் வாங்க வேண்டும் என்றான். குழந்தைக்குப் பரீட்சை, ஆபீஸில் யாரோ அமெரிக்காவிலிருந்து வருகிறார், அம்மாவுக்கு முட்டி வலி, முட்டி வலியோடு அங்கே போய் என்ன செய்யப் போகிறாய் அம்மா. நான் கேட்டேன் அவளிடம், பஸ்ஸில் போகலாம் வா, மஞ்சூர்வரை பஸ், அப்புறம் ஒரு ஜீப், நான் கூட்டிப்போகிறேன் என்று. "நாம போயி என்ன பண்றதுங்க? நாம பாத்ததுதானே. அவன் பாக்கோணும்" என்றாள். அதுதான் விஷயம், அவளுக்கு அணையைப் பார்ப்பது முக்கியமில்லை, அவன் பார்ப்பதை அவள் பார்க்க வேண்டும். ஒரு பொங்கலுக்குச் சரி என்றுவிட்டான். நாளைக் காலை போகிறோம் என்றுவிட்டான். அன்று ராத்திரியே புளி கரைத்துவிட்டாள். காலையில் கட்டுச்சோறு கட்டி, பெட்டி அடியிலிருந்து பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காரமடையில், வெயில் ஏறிக்கொண்டிருக்கிற காலையில், ஸ்வெட்டரோடு. "ஏனுங்க, மேல ஏறுனதுக்கப்புறம் போட்டுக்கலாமில்ல?" என்று பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா கேட்டதற்கு, "இருக்கட்டுங்க்கா, அப்புறம் தேடோணும்" என்றாள். திருப்பூரில் சுகன்யாவின் பெரியப்பா மகனுக்குப் புதுமனை புகுவிழா, அழைப்பு வந்ததை மறந்துவிட்டார்களாம், போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களாம். கார் திருப்பூருக்குப் போனது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள், ரவிக்கை முதுகெல்லாம் வியர்வை. "சின்னஞ்சிறுசுக, அதுகளுக்கு நாலு பக்கம் போகோணும் வரோணும்" என்றாள். கட்டுச்சோற்றை நாங்கள் இருவரும் மறுநாளும் தின்றோம். அந்தப் புளிச்சோற்று வாடை இப்போது, இந்த நிமிஷம், கீரை வாடையைத் தாண்டி என் மூக்கில் வருகிறது. போனில் அவன் பேசிக்கொண்டிருக்கிறான். நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடலாமாம்.

"தாத்தா, ட்ரவுட் எப்படி இருக்கும்?" மிருதுளா முகத்தைத் திரையில் ஒட்டிவைத்துக் கேட்கிறாள், மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. எப்படி இருக்கும். வழவழவென்று இருக்கும் கண்ணு, செதில் இருப்பதே தெரியாது, உடம்பெல்லாம் புள்ளி இருக்கும் என்றேன். "பாட்டி பெரிசு பிடிச்சாங்களா?" பிடித்தாள். உன் பாட்டி பிறந்தது காங்கேயத்துப் பக்கம், கிணற்றில் இறைக்கப் போனால் கயிறுதான் தீரும், தண்ணீர் வராது, அந்த ஊர்ப் பெண். கல்யாணமாகி நான் கூட்டிக்கொண்டு போய் இறக்கியதும் மேல் அணைத் தண்ணீரைப் பார்த்து, "இத்தனையும் சர்க்காருதுங்களா?" என்று கேட்டாள். கேம்பில் பெண்கள் யாரும் கரைக்குப் போக மாட்டார்கள், அட்டை, யானை, குளிர். இவள் போனாள். மேலேயிருந்து ஓடை வந்து அணைக்குள் விழுகிற இடம், தண்ணீர் சலசலவென்று காற்றோடு கலக்கிற இடம், அங்கேதான் டிரவுட் நிற்கும் என்று அவளே பார்த்துக் கண்டுபிடித்தாள். ஒரு மூங்கில் குச்சி, நூல், முள், கொட்டாங்குச்சியில் மண்புழு. நான் ராத்திரி டூட்டி முடிந்து வரும்போது பனிக்குள் முக்காடு போட்ட ஓர் உருவம் நிற்கும், அசையாமல், மரம்போல. கிட்டே போனால் கையைப் பின்பக்கம் நீட்டி நில்லுங்கள் என்று காட்டுவாள், திரும்ப மாட்டாள். மீன் வந்ததும் முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வாள், பிறகுதான் மீனைத் தொடுவாள். சின்னதாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவாள். "காஞ்ச கையில தொட்டா அதுக்குச் சுடுமுங்க, அது குளுந்த தண்ணில பொறந்தது." யார் அவளுக்குச் சொல்லித் தந்தது. யாரும் இல்லை. மேல் அணையில் இருந்த ஆறு வருஷமும் கேம்பில் எல்லோரும் குழந்தை இல்லை, குழந்தை இல்லை என்று அவள் காதுபடப் பேசினார்கள், அவளுக்குப் போக அந்த ஓடை வாய் ஒன்றுதான் இருந்தது. பிறகு எனக்குக் கீழ் அணைக்கு மாற்றல், சசி பிறந்தான், அவள் குச்சியைத் தொடவில்லை. கீழ் அணையில் டிரவுட் கிடையாது. அங்கே வெயில், தண்ணீர் வெதுவெதுப்பு. இவன் பள்ளிக்கூடத்துக்காகக் காங்கேயத்தில் மாமன் வீட்டில் வளர்ந்தான், லீவுக்கு வந்தால் பார்த்தது கீழ் அணை, பச்சை ஷட்டர், காகிதப்பூ. அம்மா ஓயாமல் சொன்ன அணையைத் தான் பார்த்த அணைமேல் தூக்கிவைத்துவிட்டான். காது கொடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டதில்லை. உம் கொட்டிக்கொண்டே போனைத் தடவுவான்.

சொல்லிவிடலாம். ஒரே வரி. அது இல்லடா அந்த அணை. சொன்னால் என்ன ஆகும், புக் பண்ணியதை மாற்றுவான், அவ்வளவுதானே, அவ்வளவு இல்லை. அப்புறம் ஏன் அம்மா ஆமாம் என்று சொன்னாள் என்று கேட்பான், முட்டாள் இல்லை அவன், கேட்பதற்கு முன்னாலேயே அவனுக்கே விளங்கிவிடும். அம்மா தன்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை பொய். இனிமேல் இவன் கூட்டிப்போகப் போவதில்லை, போகட்டும் என்று கைவிட்டுவிட்டு, அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோலக் கொடுத்த வார்த்தை. விளங்கட்டுமே. விளங்கினால்தான் என்ன. எனக்கு நெஞ்சில் கரி புகைகிறது, இவன் மட்டும் நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாட வேண்டுமா. அல்லது சொல்லாமலே விடலாம். அது இன்னும் நல்ல தண்டனை. போகட்டும், புதுத் தூண்டிலை வாங்கிக்கொண்டு போய் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டு உட்காரட்டும், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு டிரவுட்டும் கடிக்காமல் வெயிலில் காய்ந்து வரட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். இதை நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, கெட்ட சந்தோஷம், உடனே மிருதுளாவின் மூக்கு ஞாபகம் வந்து அதுவும் போய்விட்டது. உன்மேல்தான் நாச்சா எனக்குக் கோபம். இவன்மேல் இருப்பதைவிட உன்மேல்தான். எதற்கு ஆமாம் என்றாய். இல்லை சாமி, அது வேற, மேல ஒண்ணு இருக்குது, அப்பா கூட்டிட்டுப் போவாரு, பாத்துட்டு வா என்று சொல்லியிருக்கலாமே. மூச்சு இருந்தது உனக்கு, சிரிக்கிற அளவுக்கு இருந்தது. உன் மகன் முகம் வாடக்கூடாது, அதற்காக நம்முடைய அணையைத் தூக்கி எறிந்துவிட்டாய். எனக்கும் அதில் பாதி இல்லையா. என் வாயையும் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

சுற்றி வளைத்துப் பார்த்தேன். "சசி, மேல இன்னொரு அணை இருக்குது. நாங்க மொதல்ல அங்கதான் இருந்தோம். அப்படியே அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாமே." கைக்கு எதுவும் தெரியாததுபோலக் கீரையை உருவிக்கொண்டே சொன்னேன். "அது காட்டுக்குள்ள இருக்குப்பா, ஃபாரஸ்ட்ல விட மாட்டாங்க. பர்மிஷனுக்கு அலையணும். அங்க நீங்க கொஞ்ச நாள்தானே இருந்தீங்க? நமக்கு அம்மா டேம் போதும்." அம்மா டேம். பெயர் வைத்துவிட்டான். கொஞ்ச நாளாம். சுகன்யா இடையில் புகுந்து, மாமாவுக்கு ஒரு ஃப்ளீஸ் ஜாக்கெட் வாங்கிவிடலாமா என்று கேட்கிறாள், அங்கே குளிருமா மாமா என்று கேட்கிறாள். குளிராது. கீழ் அணையில் விசிறி இல்லாமல் தூங்க முடியாது. குளிராது அம்மணி என்றேன். "என்ன மாமா, அத்தை குளிர் குளிர்னு சொல்லுவாங்களே. தேங்காயெண்ணெய் கல்லாட்டம் இருக்கும்னு." சசி சொல்கிறான், "அதெல்லாம் அந்தக் காலம். குளோபல் வார்மிங்." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்குள் ஏதோ அறுந்தது. தட்டைத் தள்ளினேன், சம்படம் ஆடி போன் மல்லாக்க விழுந்தது. எடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். "அது இல்லடா" என்றேன். "எதுப்பா?" "உங்கம்மா சொன்ன அணை. அது இல்ல. அவ மீன் பிடிச்சது மேல் அணையில." சொல்லிவிட்டேன். வெளியே வந்துவிட்டது. அடுத்த வீட்டு மிக்ஸிகூட அந்த நேரம் பார்த்து நின்றுபோனது.

சசியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுகொண்டிருந்தது, ஆள் இல்லாத வீட்டில் எரிகிற விளக்குபோல. "இல்லப்பா" என்றான். "நான் படத்தைக் காட்டுனேன். அம்மாவே பாத்துட்டு ஆமான்னாங்க." பிறகு மெதுவாக, மனைவி பக்கத்தில் இருப்பதை மறந்தவன்போல, "நீங்க அப்ப வாசல்கிட்ட நின்னுட்டிருந்தீங்க. அம்மா முகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கூட்டிட்டே போகலைன்னு என்மேல அவங்களுக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும். எத்தனை தடவை கேட்டாங்க. அந்த ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தது... ஆனா அந்தப் படத்தைப் பாத்ததும் சிரிச்சாங்கப்பா. அதை நெனச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன், இல்லாட்டி தூக்கம் வர்றதில்ல" என்றான். ஸ்வெட்டர் இவனுக்கு ஞாபகம் இருக்கிறது. இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இருக்கக்கூடாது என்றுகூட இத்தனை நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன், அவன் மறந்துவிட்டான் என்பதில்தானே என் கோபம் காலூன்றி நின்றது. இப்போது அதற்குக் கால் இல்லை, ஆனாலும் அது விழவில்லை, அந்தரத்தில் நின்று எரிகிறது. அடுத்த வார்த்தை என் நாக்கில் இருந்தது. உனக்காகச் சொன்னாள்டா, பொய். இரண்டே மூச்சு. திரையில் அவன் கண்ணைப் பார்த்தேன், காத்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் காங்கேயத்துப் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பானே, அப்படி. பாழாய்ப்போக. பாழாய்ப்போக நாச்சா, நீயே ஜெயித்தாய். "எனக்குத்தான் குழம்பிப்போச்சு" என்றேன். சுள்ளென்றுதான் சொன்னேன், அன்பாக ஒன்றும் சொல்லவில்லை. "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அதான். பச்சை ஷட்டர்தான். போ."

அவன் மூச்சு விட்ட சத்தம் போனில் கேட்டது. "பயமுறுத்திட்டீங்களேப்பா" என்று சிரித்தான். மிருதுளா அப்பாவின் தோளைப் பிடித்துத் தொங்கினாள். சுகன்யா தணிந்த குரலில், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "ஏங்க, மாமா ரிட்டயர் ஆகறவரைக்கும் வேலை பார்த்த டேமே அதானே? அதைப் போய் எப்படி மறப்பாங்க?" என்றாள். "வயசாச்சுல்ல" என்றான் சசி, அவனும் தணிந்த குரலில். "அம்மா போனதிலிருந்தே கொஞ்சம் அப்படித்தான். வர்றப்ப கோயமுத்தூர்ல ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிடலாம்." நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கை கீரையை உருவியது. காதுமடல் கொதித்தது. மறந்தவனா நான். மேல் அணைக் கரையில் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் வழுக்கும் என்று சொல்லட்டுமா, ஓடை எந்த மாசம் எந்த நிறம் என்று சொல்லட்டுமா, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் அவள் வெறுங்கையோடு வருவாள் என்று சொல்லட்டுமா, அவள் முதல் மீனை மிளகு போட்டுக் குழம்பு வைத்து, உள்ளே சிவப்பாக இருக்கிறதே, அழுகிவிட்டதோ என்று பயந்து முழுதையும் நாய்க்குப் போட்டதைச் சொல்லட்டுமா, அந்த நாயின் பெயரைச் சொல்லட்டுமா. டாக்டரிடம் போக வேண்டும், அவர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார், நான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், இதுவும் அவளுடைய அந்த ஒரு தலையாட்டலுக்கு நான் கட்டுகிற வட்டி. "சரி" என்றேன் சத்தமாக. "தூண்டிலுக்கு அந்த மினுக்குற முள்ளெல்லாம் வாங்காதே. ராகி மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைஞ்சு உருட்டிக்கலாம். கெண்டை நல்லாக் கடிக்கும்." "ட்ரவுட்டுப்பா?" "கெண்டை வரும். குழந்தை கையில ஏதோ ஒண்ணு வரட்டும்." "சூப்பர் தாத்தா" என்றாள் மிருதுளா. டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன், விரலில் ஒட்டிய இலையோடு. படம் அணைந்தது, கண்ணாடியில் என் மோவாய் தெரிந்தது.

எழுந்து கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். பருப்பு போட்ட குக்கரின் மூடி பொருந்த மறுத்தது, இரண்டு தட்டு தட்டிப் பொருத்தினேன், மூன்றாவது தட்டு தேவையில்லாதது, அதையும் தட்டினேன். வாசலில் ராஜாமணியக்கா, "என்னண்ணா, பையன் பேசுனானா? எங்கியோ கூட்டிட்டுப் போறானாமா?" என்று கேட்டாள். "டேமுக்கு" என்றேன். "நாச்சா சொல்லுவாளே, அந்த டேமா?" "ஆமா" என்றேன், "அதேதான்." சொல்லி முடித்ததும், அந்த வார்த்தை எவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்துவிடுகிறது என்று எனக்கே ஆத்திரமாக இருந்தது. மேல் அணையை நேரில் பார்த்தவர்களில் எங்கள் குடும்பத்தில் இப்போது உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.